தொரை சாப்பிட்டாரா?

எங்கள் வீட்டுக்காரர் லொறி ஓட்டுகிறவர். நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போவார். போகிற வழியில் மாத்தளையில் எங்கள் சந்து முனையில் லொறியை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கு லொறி வந்து நின்ற பிறகும் உள்ளே டக், டக் என்று ஏதோ பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். கரட் தட்டாது. லீக்ஸும் தட்டாது.

"இன்னைக்குக் கரட் இல்லடி. கரட் திங்கிறவரு வந்திருக்காரு" என்று சிரித்தார் இவர். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதாவது தப்புப் பண்ணிவிட்டு வரும்போதுதான் அப்படிச் சிரிப்பார்.

பின்பலகையை இறக்கினார்கள். வைக்கோலுக்கும் சாக்குக்கும் நடுவில் ஒரு குதிரை நின்றது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, முன்னங்காலில் கட்டு. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என் தம்பி நின்றான்.

"கோவிச்சுக்காதக்கா. ஒரு மாசம். ஒரே ஒரு மாசம்" என்றான்.

தம்பி பள்ளிக்கூடம் விட்டதில் இருந்து நுவரெலியாவில் ரேஸ் குதிரை லாயத்தில் வேலை செய்தவன். குதிரை தேய்ப்பது, தீனி போடுவது, நடத்திக் கூட்டிப்போவது தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. இந்தக் குதிரை குட்டியாக வந்த நாளில் இருந்து அவன் கையில் வளர்ந்தது. கால் நரம்பு பிசகி இனி ஓட ஏலாது என்றானதும், முதலாளி இதை எங்கேயாவது கொண்டுபோய் விடு என்று சொல்லிவிட்டார். எங்கேயாவது என்றால் எங்கே? வேலை முடிந்துபோன குதிரைகள் ரோட்டோரத்தில் குப்பையை முகர்ந்துகொண்டு மழையில் நனைவதை நானே பார்த்திருக்கிறேன். அதே நேரத்தில் தம்பிக்குக் கட்டாரில் ஒரு பெரிய லாயத்தில் வேலை சரிவந்திருந்தது. அந்த வாரமே பிளேன். மனைவி மாசமாக இருந்தாள். அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டான். குதிரையை என் வீட்டில் விட்டான்.

"நல்ல எடமாப் பாத்து வையிக்கா. எடம் கெடைக்கலன்னா சொல்லு, நான் வந்துர்றேன். அந்த வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான்.

அவன் சும்மா சொல்கிறவன் இல்லை. சின்ன வயதில் ஒரு நாய்க்குட்டிக்காக மூன்றாம் தவணைப் பரீட்சைக்கே போகாமல் வீட்டில் இருந்தவன். குதிரைக்கு இடம் கிடைக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். வந்தால் அந்த வேலை போய்விடும். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அப்பன் வெறுங்கையோடு நிற்பான். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும்தான் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை இரண்டு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழுதுதான் அனுப்பினேன்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் மிளகுத் தோட்டம் இருக்கிறது. ஒரு மூலையில் பழைய தகரக் கொட்டகை. அங்கே கட்டினோம். குதிரைக்கு ரேஸில் ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்களாம், என் வாயில் அது நுழையவில்லை. தேயிலைத் தோட்டத்தில் மேலாளரைத் தொரை என்று சொல்லி வளர்ந்த வாய் இது. அது நிற்கிற நிற்பையும், என்னை மேலிருந்து கீழே பார்க்கிற பார்வையையும் கண்டதும், தொரை என்று வாயில் வந்தது. அதுவே நின்றுவிட்டது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோபம் கோபம் என்று சொல்கிறேனே தவிர, எனக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி அதிகம். குதிரையை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. நின்றபடியே தூங்குகிறது. ஈ உட்கார்ந்தால் அந்த ஓர் இடத்துத் தோல் மட்டும் தனியாகச் சிலிர்க்கிறது. காது இரண்டும் இரண்டு பக்கம் திரும்புகிறது. சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன், தொரை இப்போது என்ன செய்கிறார் என்று மண்டைக்குள் குடைய ஆரம்பிக்கும், எழுந்து போய்விடுவேன். ஸ்கூல் யூனிபோம் கேட்டு வந்தவர்கள் எல்லாம், டெய்லர் அக்கா கொட்டகையில்தான் இருப்பாங்க என்று நேரே பின்பக்கம் வரத் தொடங்கினார்கள்.

அதனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கையில் எதையாவது வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால், முழங்கைக்கு அடியில் மூக்கை வைத்து மேலே ஒரு தள்ளுத் தள்ளும். முதல் நாளே என் கையில் இருந்த டீ முழுக்கச் சட்டையில் கொட்டியது.

"ஏன், தொரைக்கு நம்ம டீ குடிச்சா ஆகாதோ?" என்று கத்தினேன். காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

மற்றக் கெட்ட பழக்கம் அடுத்த நாள் காலையில் தெரிந்தது. எங்கள் பக்கம் சூன் பாண், அதாவது பாட்டுப் போட்டு விற்கிற பேக்கரி ரொட்டி, கொண்டுவருகிறவர் ஒரு முஸ்லிம் நானா. யட்டவத்த ரோட்டுப் பக்கத்து ஆள். த்ரீவீலுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி. அதற்குள்ளே ரோஸ் பாண், மீன் வைத்த மாலு பாண், கிம்புலா பணிஸ். நாடு முழுக்கப் பாண் வண்டிகள் போடுகிற அந்த ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு வருவார். அன்றைக்கு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அவர் கிளம்பும்போது, பின்னால் படார் என்று ஒரு சத்தம். கொட்டகைக் கம்பு முறிந்தது. தொரை வேலியைத் தாண்டி, ஊனக் காலோடு, சந்தில் இறங்கிவிட்டார். நானா கண்ணாடியில் பார்த்தார். யா அல்லாஹ் என்று ஒரு சத்தம் போட்டு த்ரீவீலை முறுக்கினார். முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு பாண் வண்டி, பின்னால் குதிரை, அதற்குப் பின்னால் கழுத்தில் அளவு நாடாவோடு நான். சந்தே வாசலில் நின்று சிரித்தது.

"ரேஸ் குதிரை இல்லையா? முன்னுக்கு எது ஓடினாலும் முந்தப் பாக்கும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அடுத்த வீட்டு ஆட்களும் அதையே சொன்னார்கள். நியாயமாகத்தான் பட்டது. வாழ்நாள் முழுக்க முந்து முந்து என்று அடித்துப் பழக்கிய மிருகம், வேறு என்ன செய்யும்? தம்பியிடம் போனில், "த்ரீவீலக் கண்டா வெரட்டுதுடா" என்றேன். "அப்படியெல்லாம் வெரட்டாதேக்கா" என்றான். நம்பாமல்தான் சொன்னான்.

இடம் தேடத் தொடங்கினோம். இவருக்குத் தம்புள்ளையில் தெரியாத ஆள் இல்லை. அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு ஹோட்டலில், வாசலில் நிறுத்திப் படம் பிடிக்க ஒரு குதிரை வேண்டும் என்றார்கள். புல்தரை, கொட்டகை, பார்த்துக்கொள்ள ஆள், எல்லாம் இருந்தது. தம்பிக்குப் படம் அனுப்பினேன். மனசு ஆறிப்போய், "இப்பதான்க்கா சோறு எறங்குது" என்று சொன்னான்.

ஒரு வாரம் போகவில்லை, ஹோட்டல்காரர்கள் போன் பண்ணினார்கள். பக்கத்தில் நின்று படம் எடுக்கிறவர்களின் கையை இடித்து, கோப்பி, இளநீர் எல்லாவற்றையும் கொட்டுகிறதாம். அதுகூடப் பரவாயில்லை. காலையில் கேட்டை உடைத்துக்கொண்டு பெரிய ரோட்டில் ஒரு த்ரீவீலைத் துரத்தியதாம். லொறி ஒன்று மயிரிழையில் பிரேக் அடித்ததாம். வந்து கொண்டுபோங்கள் என்றார்கள்.

மாதாவே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அடுத்தது வஹகோட்டை. பொலிஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர், தென்னங்காணி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் குதிரை ஏறிய ஆள், ஆசையாக வந்து கூட்டிப்போனார். வஹகோட்டைக் கோயில் திருநாளுக்கு வருஷா வருஷம் போகிறவள் நான். ஊர் தெரியும், ஆட்கள் நல்லவர்கள். இந்த முறை சரி என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், தொரை கோயில் கேட்டுக்குள் போய் நின்றிருக்கிறார். அங்கேயும் ஒரு த்ரீவீலைத் துரத்திக்கொண்டுதான் வந்ததாம். படியில் உட்கார்ந்து மாலு பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் முழங்கையை இடிக்க, பாண் பறந்துபோய் ஃபாதர் காலடியில் விழுந்ததாம். ஃபாதர் சிரித்தாராம், அந்த அம்மா சிரிக்கவில்லை. பொலிஸ்காரர் சிங்களத்தில் என்னிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார், மிஸ், உங்கள் குதிரை நல்ல குதிரைதான், ஆனால் எனக்கு இந்த ஊரில் இன்னும் இருக்க வேண்டும் என்று. நான் எந்த முகத்தோடு அடுத்த திருநாளுக்குப் போவேன் என்பதுதான் எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது.

குதிரை மறுபடியும் என் கொட்டகைக்கு வந்தது. செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. த்ரீவீலைத் துரத்துகிற குதிரையை யார் கேட்பார்? கேட்டு வந்தது ஒரே ஒரு ஆள். கிழட்டு மாடு, நொண்டி எருமை என்று வாங்கிக்கொண்டு போகிறவர். கொட்டகைக்குள் வந்து நின்றார். குதிரையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. தொடையைத்தான் பார்த்தார்.

"எதுக்குங்க ஒங்களுக்குக் குதிரை?" என்று கேட்டேன்.

"எதுக்காவது ஆகும்தானே" என்று சிரித்தார்.

"போங்க வெளிய" என்றேன். இவர் என் தோளைப் பிடித்து, மெதுவா, மெதுவா என்றார். என்ன மெதுவா? அந்த ஆள் சந்து முனையைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். குதிரை என் முழங்கையை மெல்ல இடித்தது. கையில் ஒன்றுமே இருக்கவில்லை.

அன்றைக்குத் தம்பி போன் பண்ணினான். வஹகோட்டை விஷயம் அவன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. "நான் வர்றேன்க்கா. பெட்டியக் கட்டிட்டேன்" என்றான்.

"வாயில அடிப்பேன். வயித்துப் புள்ளக்காரிய விட்டுட்டுப் போனவன், குதிரைக்காக வருவியா? ஆளு கெடைப்பாங்க, பொறு" என்றேன். போனை வைத்த பிறகு எனக்கே என் பேச்சில் நம்பிக்கை இருக்கவில்லை. யார் கிடைப்பார்?

இப்படித் தலை வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. தொரை கொட்டகையில் நிற்கும்போது எங்கள் சந்தில் எத்தனை த்ரீவீல் போகிறது? முன்வீட்டுப் பையனின் த்ரீவீலே நாளெல்லாம் போய் வருகிறது. அவனைக் கூப்பிட்டு, கொட்டகைக்குப் பக்கத்தில் வேகமாக ஓட்டிப் போகச் சொன்னேன். தொரை புல் மென்றுகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளை ஓட்டவைத்துப் பார்த்தேன். இவரது லொறியையும் ஓட்டவைத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. அப்படியென்றால் முந்துகிற கதை சுத்தப் பொய். நாலு பேர் சொன்னதை நானும் ஐந்தாவது ஆளாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"செவப்பு நெறம் புடிக்காதோ என்னமோ" என்றார் இவர்.

"அது காளை மாட்டுக்குச் சொல்றது" என்றேன். இருந்தாலும் ஒரு சிவப்பு மேசைச் சீலையைக் கொண்டுபோய் முன்னால் ஆட்டிப் பார்த்தேன், ஏன் விடவேண்டும்? தொரை அதை முகர்ந்துவிட்டுத் தும்மினார்.

நானா பாவம், குதிரை திரும்பி வந்ததைக் கேள்விப்பட்டதில் இருந்து சந்துக்குள் வருவதே இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு, சந்து முனையில் நின்றபடி, "பாண்! பாணேய்!" என்று வாயால் கூப்பிடுவார். ஒரு காலையில் அந்தக் கூப்பாடு கேட்டபோது நான் கொட்டகையில்தான் நின்றேன். அதே த்ரீவீல். அதே ஆள். இஞ்சின் சத்தமும் கேட்கிறது. தொரை காதைக்கூடத் திருப்பவில்லை. இல்லாதது பாட்டு மட்டும்தான். அளவு நாடா கழுத்தில் ஆட, சந்து முனைக்கு ஓடினேன்.

நான் ஓடி வருவதைப் பார்த்த நானா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

"நானா, நில்லுங்க! நில்லுங்க!"

"குதிர எங்க?"

"கட்டியிருக்கு. பாட்டக் கொஞ்சம் போடுங்க."

"வேணாம் அக்கா. எனக்கு உசுரு வேணும்."

"சங்கிலி போட்டுக் கட்டியிருக்கு நானா. ஒரே ஒரு தடவ."

மனசில்லாமல் போட்டார். போட்ட உடனேயே எங்கள் தோட்டத்தில் இருந்து ஒரு கனைப்பு. நிறுத்தினார், நின்றுவிட்டது. போட்டார், மறுபடியும் கனைப்பு. நானாவின் முகம் மாறியது. பயம் போய்ச் சின்னப் பிள்ளையின் சிரிப்பு வந்தது. நான் சொல்லாமலே இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"அல்லாவே, என்னயில்ல, பாணத்தான் கூப்பிடுறான்!" என்றார்.

ஒரு ரோஸ் பாணை வாங்கிக்கொண்டு நான் முன்னால் போனேன். நானா வேலிக்கு வெளியே, எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக நின்றார். பாணைத் தொரையின் வாய்க்கு நேரே நீட்டினேன். ஆசையாகப் பார்த்தது. எடுக்கவில்லை. முழங்கையில் ஒரு இடி. மறுபடியும் நீட்டினேன், மறுபடியும் இடி. பிய்த்துக் கொடுத்தேன், அதற்கும் இடி. எனக்கு வந்ததே ஒரு கோபம். காலையில் இருந்து ஒரு பிளேன்டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. இவ்வளவு நாளும் உயிரை வாங்கியது போதாதா?

"திங்கலன்னா போ! நானே திங்கிறேன்" என்று அந்தப் பாணை ஒரு கடி கடித்தேன்.

அவ்வளவுதான். தொரை உதட்டை நீட்டி, என் கையில் இருந்த மிச்சத்தை அலுங்காமல் எடுத்துக்கொண்டது. கண்ணை மூடி மென்றது.

நானும் நானாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இன்னொரு பாண் கொண்டுவந்தார். பிய்த்துக் கொடுத்தால் வேண்டாம். கடித்துக் கொடுத்தால் வேண்டும். "எச்சில்தான் வேணுமாக்கும்" என்றார் நானா வியந்துபோய். எச்சில் பண்ணினதை நாங்கள் விருந்தாளிக்குக் கொடுப்போமா? பிள்ளைக்குக் கொடுப்போம், கட்டினவருக்குக் கொடுப்போம். அவ்வளவு நெருங்கினவர்களுக்குத்தான் கொடுப்போம். இந்த மிருகத்துக்கு யார் எச்சில் கொடுத்துப் பழக்கியது என்று கேட்கவும் வேண்டுமா? அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், சூன் பாண் பாட்டுக் கேட்டா எதுக்குடா இது ஓடுது?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருகிட்டயும் சொல்லிராதக்கா" என்றான். கட்டாரில் நின்றுகொண்டு நுவரெலியா டிரெய்னருக்குப் பயப்படுகிறான்! ரேஸ் குதிரைக்குப் பாண் கொடுக்கவே கூடாதாம். தீனியெல்லாம் நிறுத்துப் போடுவதாம். இவன் காலையில் பாண் வண்டி வந்ததும் ஒரு ரோஸ் பாண் வாங்கி, லாயத்துக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிடுவானாம். குதிரை பார்த்துக்கொண்டு நிற்குமாம்.

"பாத்துக்கிட்டு நிக்கிறப்ப எப்படிக்கா எறங்கும்? ஒரு நாள் குடுத்தேன். முழுசாத் தின்னுருச்சு. அன்னைக்கு நான் பட்டினி. பொறகு சொல்லிக் குடுத்தேன், மொதல்ல நான், பொறகுதான் நீன்னு. அது என்னான்னா, நான் மெதுவாத் திங்கிறேன்னு கைய வாய்க்குத் தள்ளிவிடப் பழகிருச்சு."

அப்போ அந்த இடி, சீக்கிரம் தின்னு என்கிற இடி. ஹோட்டலில் கோப்பி கொட்டியது, கோயில் படியில் மாலு பாண் பறந்தது எல்லாம் அதற்குத்தான். இவ்வளவு நாளும் நான் த்ரீவீல், த்ரீவீல் என்றே அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாண் என்று ஒரு வார்த்தை வாயில் வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும்தான் வந்தது.

மிருக வைத்தியரைக் கேட்டோம். ஒரு துண்டு என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் போட்டு வயிறு ஊதவைக்காதீர்கள் என்றார். நானா சந்துக்குள் பாட்டோடு வரத் தொடங்கினார். எங்கள் வாசலில் நிறுத்துவார், கொட்டகைக்குப் போவார், தான் ஒரு கடி கடிப்பார், மிச்சத்தைக் கொடுப்பார். முதலில் கையை நீட்டவே பயந்த மனுஷன், போகப்போக அங்கேயே நின்று ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். குதிரையோடுதான், என்னோடு இல்லை. மற்றச் சந்துகளில் பாணுக்குக் காத்திருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, எங்கட காணியில புல்லு கெடக்கு. வெட்ட ஆளில்ல. இவன நான் கொண்டுபோகவா?"

இரண்டு தரம் சூடு பட்டவள் நான், உடனே சரி என்பேனா? "எதுக்கு நானா ஒங்களுக்கு இந்தத் தொல்லை?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க பொஞ்சாதி மவுத்தாகி மூணு வருஷம். புள்ளைங்க கொழும்புல. பாண் விக்கிறவன், காலையில வெறும் வயித்தோட வண்டிய எடுக்கிறேன். தின்னியா, தின்னுங்கன்னு சொல்ல ஆளில்ல. இவன் கையத் தள்ளுறான் பாருங்க. ஒங்க தம்பி சொல்றாரு, அது சீக்கிரம் தின்னுன்னு சொல்ற தள்ளுன்னு. அப்படியே இருக்கட்டும். எனக்கு அது, நீங்க தின்னுங்கன்னுதான் கேக்குது."

முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கால்ல கட்டு மாத்தணும், மறந்துறாதீங்க" என்று அதட்டினேன்.

தொரை புது வீட்டுக்குப் போன நாளை எங்கள் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். லொறி வேண்டாம் என்றார் நானா. த்ரீவீலில் பாட்டைப் போட்டுக்கொண்டு மெல்ல முன்னால் போனார். கயிறே இல்லாமல் பின்னால் நடந்தார் தொரை. ரேஸில் ஓடின குதிரை, பாண் வண்டி நிற்கிற இடமெல்லாம் நின்று, ஆட்கள் பணிஸ் வாங்கி முடிகிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தவே இல்லை.

தம்பிக்குச் சொன்னேன். நம்பினானா? "ரெண்டு எடமும் இப்படித்தான்க்கா மொதல்ல நல்லா இருந்துச்சு. இவரும் திருப்பி அனுப்புவாரு. பெட்டிய அவுக்க மாட்டேன்" என்றான். வீடியோவில் பேசும்போதெல்லாம், அவனுக்குப் பின்னால், கட்டிலின் மேல், கயிறு போட்டுக் கட்டிய அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். அவனுடைய முதலாளியும் அதைப் பார்த்திருப்பாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

பிறகு நோன்பு மாதம் வந்தது. எனக்கு அது முதலில் உறைக்கவே இல்லை. நானா பகலில் சாப்பிடமாட்டார். சாப்பிடாத மனுஷன் பாணை எப்படிக் கடிப்பார்? முதல் நோன்பு அன்றைக்கு நானாவே பதறிக்கொண்டு போன் பண்ணினார். "அக்கா, பிச்சிக் குடுத்தாலும் வேணாங்கிறான். ஒருக்கா வந்து ஒரு கடி கடிச்சிக் குடுங்களேன்."

பஸ் ஏறிப் போனேன். நானாவின் காணியில் தொரை மினுமினுவென்று நின்றார். புல்லெல்லாம் நன்றாகத்தான் தின்கிறார், பாணை மட்டும்தான் தொடவில்லை. நான் ஒரு கடி கடித்து மிச்சத்தை நீட்டினேன். என் கையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு தரம் கடித்துக் காட்டினேன். இல்லை. கொட்டகைக்கு வெளியே தொப்பியோடு நின்ற நானாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். என் எச்சில் அவருக்கு இனி வேண்டாமாம். இத்தனை நாள் சோறு போட்டவளுக்கு வருகிற கோபம் எனக்கு வந்தது, பொய் சொல்லவில்லை.

எப்படித்தான் முடிகிறது பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்துவிட்டேன். மஃரிபுத் தொழுகைக்கு, நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி தம்பியின் வீடியோ கோல் வந்தது. அவனுக்கு அங்கே இன்னும் நல்ல வெயில், அறைக்குள் இருந்தான். நடப்பதைச் சொன்னேன். போனைக் குதிரைப் பக்கம் திருப்பச் சொன்னான். திருப்பினேன். அவன் எப்போதும் கூப்பிடுகிற மாதிரி நாக்கைத் தட்டிக் கூப்பிட்டான். ஒரு தரம் காது மட்டும் திரும்பியது. தலை திரும்பவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நானா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். கஞ்சிக் கோப்பையை எடுக்கவில்லை, பாணைத்தான் எடுத்தார். தொரை கிட்டே வந்து அவர் முழங்கையை வாய்க்குத் தள்ளிவிட்டது. நானா ஒரு கடி கடித்தார். மிச்சத்தை நீட்டினார். அலுங்காமல் வாங்கிக்கொண்டது. இரண்டு பேரும் நின்று மென்றார்கள்.

கோல் கட்டாகிவிட்டதோ என்று போனைத் திருப்பிப் பார்த்தேன். தம்பி கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டுச்சா அக்கா?"

"சாப்பிட்டுச்சுடா. பாத்தல்ல."

"இனி என்னய தேடாது" என்றான். பிறகு, "பெட்டிய அவுத்துர்றேன்" என்றான்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். என்னவோ எனக்கு அழுகைதான் வந்தது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல." அவன் மடியில் ஒரு தட்டு இருந்தது, அந்த ஊர் ரொட்டி, தொடாமல் இருந்தது. "இங்க குதிரைங்க பாண் திங்காதுக்கா" என்றான்.

"நீ தின்னு. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தான். மென்றுகொண்டே, பழக்க தோஷத்தில், மிச்சத்தைப் போனுக்கு நேரே நீட்டினான்.